ஈ-ரீடரை உடைச்சது யார்?

பாடு முறை பத்தின எபிசோடுக்காகப் பழவேற்காடு போயிருந்தேன்ல? ஏரியில யார், எப்போ, எந்த இடத்துல வலை போடணும்னு மீனவங்க தங்களுக்குள்ள முறை வச்சுக்கற வழக்கம். அந்தப் பயணத்துல ஒரு விஷயம் ஒலிபரப்புல வரல. இப்ப சொல்லிடறேன்.

பொன்னேரியிலிருந்து பஸ், அப்புறம் ஃபைபர் படகு. குப்பத்துல இறங்கினதும், பேட்டி கொடுத்த அக்காவோட பையன் என் ஈ-ரீடரைக் கேட்டான். எட்டு வயசிருக்கும். கொடுத்தேன். ஸ்லீப் படம் ஒழுங்கா இருந்துச்சு. பட்டனை அழுத்தினான். பாதித் திரையில எழுத்து, மீதி முழுக்கக் கோடு கோடா. அக்கா அவன் முதுகுல ஒண்ணு வச்சாங்க. "பரவால்லக்கா"ன்னேன். அவன் பண்ணலைன்னு சொல்லல. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

சென்னை வந்து ரிப்பேர் கடையில கொடுத்தப்பதான் விஷயமே புரிஞ்சது.

போன்ல முன்னாடி இருக்கற கண்ணாடி கெட்டியானது. அது விரிஞ்சாலும் உள்ள படம் ஓடும். ஈ-ரீடர்ல நிறைய மாடல்களுக்கு முன்பக்கம் வெறும் பிளாஸ்டிக். நிஜமான கண்ணாடி உள்ளே, மைப் படலத்துக்கு அடியில, ரொம்ப மெல்லிசா இருக்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு டிரான்சிஸ்டர், அதுக்கு மின்சாரம் கொண்டுபோற கம்பிகள், எல்லாம் அது மேலதான். லேசா முறுக்கினாலே போதும், உள்ளே விரிசல். வெளியில ஒரு கீறல்கூட இருக்காது. கம்பி அறுந்த இடத்துலதான் அந்தக் கோடுகள். (பிளாஸ்டிக் மேல செஞ்ச திரையும் உண்டு. 2013-ல சோனி விட்ட பெரிய ரீடர்ல அதுதான். விலைதான் நமக்கு ஒத்துவராது.)

இதுல முக்கியமானது மை. முடி கனத்துல குட்டிக் குட்டிக் குமிழ்கள், உள்ளே கறுப்பு வெள்ளைத் துகள்கள். மின்சாரம் தொட்டா மேல கீழ நகரும், அப்புறம் அதே இடத்துல நிக்கும். சார்ஜ் தீர்ந்தாலும் படம் போகாததுக்கு இதுதான் காரணம். அதனாலயே, தூங்கற ஈ-ரீடர் உடைஞ்சாலும் பழைய படம் அப்படியே நிக்கலாம். அடுத்த தடவை திரை மாறும்போதுதான் குட்டு வெளிப்படும்.

என் விரிசல் ஆரம்பிச்ச இடம் ஒரு மூலை. பையில அந்த மூலையை ஒட்டித்தான் பவர் பேங்க் இருந்துச்சு. படகுல அந்தப் பையைத்தான் முதுகுக்கு அண்டக் கொடுத்து சாஞ்சிருந்தேன்.

அக்காவுக்கு போன் போட்டு, அவன் தொடறதுக்கு முன்னாடியே நான்தான் உடைச்சிருக்கேன்னு சொன்னேன்.

"அவன் அன்னிக்கே சொன்னான் தம்பி, நான்தான் கேக்கல. இருங்க, அவன்கிட்ட தர்றேன். நீங்களே சொல்லுங்க."