நீர்மூழ்கிக் கப்பலும் சிறு படகும்

நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றிக் கோரிப்பாளையத்திலிருந்து எழுதுவானேன் என்று அன்பர்கள் வினவக்கூடும். மதுரையைச் சூழ்ந்த சமவெளியிலே கண்மாய்கள் உண்டு, கடல் இல்லை. நம்மூர் மக்கள் ஆண்டுதோறும் காணும் பெரிய மிதவை, தை மாதத்தில் வண்டியூர்த் தெப்பக்குளத்தை வலம் வரும் தெப்பமேயாகும். ஆயினும் இவ்விதழ் இராமநாதபுரம், தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரைப் பஞ்சாயத்துகளுக்கும் செல்கிறது. மதுரைச் சந்தைக்கு வரும் கடல்மீனும் அக்கரையோர் இரவு பகலாக உழைப்பதால் வருவதே. அவர்களுக்கு நேரக்கூடிய ஓர் ஆபத்தை உள்நாட்டு மக்களும் அறிந்திருத்தல் நன்று.

2024ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், கோவாவுக்கு வடமேற்கே சுமார் 70 கடல் மைல் தொலைவில், அதாவது ஏறத்தாழ 130 கிலோமீட்டருக்கு அப்பால், ‘மார்தோமா’ என்னும் மீன்பிடி படகும், இந்தியக் கடற்படையின் ‘கரஞ்ச்’ என்னும் நீர்மூழ்கிக் கப்பலும் மோதிக்கொண்டன. படகில் இருந்தோர் 13 பேர். அவர்களுள் 11 பேர் காப்பாற்றப்பட்டனர், இருவர் உயிரிழந்தனர். தவறு எவருடையது என்ற வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றம் வரை சென்றது. அதை இங்கே ஆராய்வது நமது பணியன்று. ஆனால் நம் தமிழகத்துத் தூத்தூர் வட்டார மீனவர்கள் சுறாவும் சூரையும் தேடி அதே அரபிக்கடலில் நெடுந்தொலைவு சென்று வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். ஆகவே இது எங்கோ நடந்த செய்தியென்று தள்ளிவிடத் தக்கதன்று.

‘கரஞ்ச்’ 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அதன் நீளம் 220 அடிக்கு மேற்பட்டது. அத்துணைப் பெரிய கலம் ஒரு படகைக் காணாது வருமா என்ற ஐயம் எழுவது இயல்பே. இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். நீருக்கடியில் செல்லும் நீர்மூழ்கிக்குக் கண் கிடையாது. காது மட்டுமே உண்டு. ‘சோனார்’ என்னும் கருவியைக் கொண்டு, சுற்றிலும் கேட்கும் ஒலிகளை வைத்தே அது பிற கலங்களின் இருப்பை அறிகிறது. பெரிய சரக்குக் கப்பலின் இயந்திர ஒலி வெகு தொலைவு கேட்கும். ஆனால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வழிவலையை நீரில் விட்டு, நீரோட்டத்தோடு மிதந்து கொண்டிருக்கும் படகு ஒலி எழுப்புவதில்லை. அது நீர்மூழ்கியின் காதுக்கு இல்லாத பொருளே. படகு ஓடிக்கொண்டிருந்தாலும் எப்போதும் கேட்டுவிடும் என்பதற்கில்லை. கடல்நீர் ஆழத்துக்கு ஆழம் வெப்பம் மாறுபடுவது. அவ்வடுக்குகளில் ஒலி வளைந்து செல்லும். நீர்மூழ்கியின் சொந்தச் சுழலி எழுப்பும் இரைச்சலால் அதன் பின்புறம் எப்போதும் மந்தமாகவே கேட்கும்.

நீர்மட்டத்தருகே வரும்போது ‘பெரிஸ்கோப்’ என்னும் குழாயை உயர்த்தி அது சுற்றிப் பார்க்கிறது. இதுவும் முழுக்காப்பு ஆகாது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் ஹவாய்த் தீவுகளின் அருகே ‘கிரீன்வில்’ என்னும் அமெரிக்க நீர்மூழ்கி, பெரிஸ்கோப்பின் வழியே பார்த்த பிறகும், விரைந்து மேலெழுந்தபோது ‘எகிமே மாரு’ என்னும் ஜப்பானிய மீன்வளப் பயிற்சிக் கப்பலின் அடியைப் பிளந்துவிட்டது. மாணவர் உட்பட 9 பேர் மாண்டனர். அக்கப்பல் நம் விசைப்படகுகளைவிடப் பன்மடங்கு பெரியது என்பது கருதற்பாலது.

கம்பியில்லாத் தொடர்பும் நீருக்குள் உதவாது. நெல்லை மாவட்டத்து விஜயநாராயணத்தில், வயல்வெளிகளுக்கு நடுவே வானளாவிய கோபுரங்களை நம்மவர் பலர் கண்டிருப்பர். 1990 முதல் இயங்கிவரும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்னும் அக்கடற்படை நிலையம் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவதற்காகவே அமைந்தது. சாதாரண வானொலி அலை கடல்நீருக்குள் நுழையாது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அலையே சிறிது ஆழம் செல்லும். அதற்கே இத்தனை பெரிய கோபுரங்கள் வேண்டியிருக்கின்றன. படகிலுள்ள சிறு வி.எச்.எப். கருவியின் அழைப்பு, மூழ்கியிருக்கும் கப்பலுக்கு எட்டாமற்போவதில் வியப்பில்லை. அதன் கம்பம் நீருக்கு வெளியே வந்த பின்னரே எட்டும்.

இங்கே மற்றொரு மயக்கத்தையும் நீக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் ஒரு லட்சம் மீன்பிடி கலங்களுக்கு ‘டிரான்ஸ்பாண்டர்’ பொருத்தும் திட்டத்தைத் தொடங்கியது. மிகப் பயனுள்ள சாதனம், ஐயமில்லை. ஆனால் அது செயற்கைக்கோள் வழியே கரைக்குச் செய்தி சொல்வது. பக்கத்தில் வரும் கப்பலுக்கு நம் இருப்பைக் காட்டுவது ‘ஏ.ஐ.எஸ்.’ என்னும் வேறு கருவியாகும். ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாமென்று எண்ணலாகாது. மீன் கிடைக்கும் இடத்தைப் பிறர் அறிந்துகொள்வர் என்றஞ்சி அதை அணைத்து வைக்கும் ஆசை எவருக்கும் எழக்கூடும். அந்த ஆசைக்கு இடங்கொடுத்தால் விலை மிகுதி.

இனி, படகில் செய்யத்தக்கவை. எல்லாவற்றினும் முதன்மையானது விளக்கு. பழைய நாளில் பார வண்டிக்காரர் அச்சின்கீழ் அரிக்கன் விளக்கைத் தொங்கவிட்டே இரவுப் பயணம் செய்தனர். வண்டிக்காரர் உறங்கினாலும் விளக்கு உறங்காது. இன்று வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்கின்றிச் செல்வதைப் பார்க்கும்போது அவ்வழக்கத்தின் அருமை விளங்குகிறது. கடலிலோ, 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் விளக்கின் நிறத்தையே வகுத்துள்ளன. இழுவலை இழுக்கும் படகு மேலே பச்சையும் கீழே வெள்ளையுமாக இரு விளக்குகளைக் காட்ட வேண்டும். வழிவலை போன்ற பிற வலையினர் மேலே சிவப்பும் கீழே வெள்ளையும் காட்ட வேண்டும். வலை 150 மீட்டருக்கு மேல் நீண்டிருந்தால், அது கிடக்கும் திசையில் இன்னொரு வெள்ளை விளக்கும் தேவை. பகலில், நுனியோடு நுனி சேர்ந்த இரு கூம்புகளைக் கட்டலாம்.

மரமும் பைபரும் ராடாரில் சரிவரத் தெரியா. உலோகத்தாலான ராடார் பிரதிபலிப்பானை உயரத்தில் கட்டினால் தெரியும். வி.எச்.எப். கருவி 16ஆம் அலைவரிசையில் எப்போதும் திறந்திருக்க வேண்டும். இரவெல்லாம் இயந்திரத்தை ஓட்டுங்கள் என்று நாம் சொல்ல முன்வரவில்லை; டீசலின் விலை நாமறிந்ததே. ஆனால் அனைவரும் ஒரே நேரத்தில் உறங்குதல் கூடவே கூடாது. ஒருவர் முறைவைத்து விழித்திருப்பதற்குச் செலவேதும் இல்லை.

அலைக்கு மேலே மெல்லிய கம்பம் ஒன்று நுரைக்கோடு கிழித்து நகர்ந்தால், வேடிக்கை பார்க்க அருகே போகலாகாது. அதன் உடலில் பெரும்பகுதி கம்பத்துக்குப் பின்னே நீருக்கடியில் கிடக்கும். ஆகையால் பின்புறம் குறுக்கே புகுவதும் ஆபத்தே. உடனே இயந்திரத்தைக் கிளப்பி, அது செல்லும் வழியிலிருந்து பக்கவாட்டில் விலக வேண்டும். இரவில் மேலே மிதக்கும் நீர்மூழ்கியின் விளக்குகள் தாழ்வாகவும் நெருக்கமாகவும் இருப்பதால், தொலைவிலுள்ள சிறு படகென்று மயங்க இடமுண்டு.

இழுவலைப் படகினர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. 1990 நவம்பர் 22ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கிளைடு கடற்பகுதியில் ‘டிரெஞ்சண்ட்’ என்னும் பிரிட்டிஷ் நீர்மூழ்கி, ‘அன்டாரஸ்’ படகின் வலையில் சிக்கி, படகையே கீழே இழுத்துச் சென்றது. நால்வரும் மாண்டனர். படகு காரணமின்றி வேகம் குன்றினாலும், பின்னோக்கி இழுபட்டாலும், பாறையில் வலை மாட்டியதென்று கருதி இயந்திரத்தை முடுக்கலாகாது. நியூட்ரலில் நிறுத்தி, விஞ்சின் பிரேக்கைத் தளர்த்தி, கயிற்றை ஓடவிட வேண்டும். தேவையானால் வெட்டிவிட வேண்டும். வெட்டுக்கருவி தளத்திலேயே கைக்கெட்டும்படி இருத்தல் அவசியம். வலை விலையுயர்ந்ததே, இருப்பினும் அவ்வேளையில் கணக்குப் பார்த்தல் தகாது. மிதவைச் சட்டையை அணிந்து, 16இல் உதவி கோரலாம். கடலோரக் காவல்படையின் எண் 1554.

கடற்படைப் பயிற்சி நடக்கும் பகுதிகளைப் பற்றி முன்னறிவிப்புகள் வெளிவருகின்றன. அவை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாகத் துறைமுக அலுவலகப் பலகையில் கிடந்தால் போதாது என்பது நமது கருத்து. மீன்வளத்துறை அலுவலரிடமிருந்து அவற்றைப் பெற்று, இன்ன கரையிலிருந்து இத்தனை மைல், இன்ன நாள் வரை என்று எளிய தமிழில் எழுதி, பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஏலக்கூடத்திலும் ஒட்டலாம். படகுகள் புறப்படும் மாலையில் ஒலிபெருக்கியில் படித்தும் காட்டலாம்.