எலக்ட்ரானிக்ஸ் பட்டம்: மார்க் மட்டும் போதாது!

பிள்ளைக்கு "ஈ.சி.ஈ." சீட் தேடி அலையும் அப்பாக்கள் கேட்பது இரண்டே கேள்வி. "பீஸ் எவ்வளவு? வேலை கிடைக்குமா?"

மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. "நாலு வருஷம் முடிந்ததும் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியும்?"

தேசிய அங்கீகார வாரியத்திடம் அங்கீகாரம் கேட்கும் காலேஜ் இதை எழுதியே கொடுக்க வேண்டும். சர்க்கியூட் வடிவமைக்க வரவேண்டும். சிக்கலை ஆராய்ந்து தீர்க்க வரவேண்டும். குழுவாக வேலை செய்யத் தெரிய வேண்டும். தொழில் நேர்மையும் பட்டியலில் உண்டு! மாணவர்கள் இதை எந்த அளவு எட்டினார்கள் என்று கணக்கும் காட்ட வேண்டும்.

வெளிநாட்டு மதிப்பு

2014-ல் இந்தியா "வாஷிங்டன் உடன்பாட்டில்" முழு உறுப்பினர் ஆனது. அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவும் அதில் உள்ளன.

ஆனால் ஒரு சங்கதி. "முதல் அடுக்கு" பிரிவில் அங்கீகாரம் பெற்ற படிப்புக்குத்தான் அந்த மதிப்பு. அதுவும் காலேஜுக்கு மொத்தமாக அல்ல. மெக்கானிக்கலுக்குக் கிடைத்திருக்கும், எலக்ட்ரானிக்சுக்கு இருக்காது!

காலக்கெடுவும் உண்டு. வாசல் போர்டை மட்டும் நம்பிவிடக் கூடாது. வாரியத்தின் பட்டியலில் ஈ.சி.ஈ. இருக்கிறதா, எந்த வருஷம் வரை என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம்.