விளம்பரத்துக்கு மட்டும் முகமா?

விளம்பரத்தில் சிரிக்கிறவர் நிருபரைக் கண்டு ஒதுங்கலாமா என்று நம் கடை வாசலிலேயே வாதம் நடப்பதுண்டு. 2007 டிசம்பரில் ஐதராபாத் மக்கா மசூதி வளாகத்தில் நடந்த விளம்பரப் படப்பிடிப்பால் சானியா மிர்சா மீது புகார் எழுந்தது, மன்னிப்புக் கேட்டார். அடுத்து, தேசியக் கொடியை அவமதித்தார் என்று வழக்கு. சலித்துப்போனவர் 2008 மார்ச் பெங்களூர்ப் போட்டியில் ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். திமிர் என்றார்கள் சிலர். பாவம் என்றார்கள் சிலர்.

ஜப்பானின் நவோமி ஒசாகா 2021 பிரெஞ்சுப் போட்டியில் நிருபர்களைச் சந்திக்க மறுத்தார். 15,000 டாலர் அபராதம். மனச்சோர்வு என்று சொல்லிப் போட்டியை விட்டே விலகினார்.

மலையிலிருந்து போடி ஏலத்துக்கு இறங்கும் ஏலக்காயை மாதிரி பார்க்காமல் எவரும் விலை கேட்பதில்லை. பருமன், நிறம், லிட்டர் எடை எதையும் கேட்கலாம். தோட்டக்காரர் வீட்டுப் பெண் என்ன உடுத்துகிறாள் என்று கேட்டால் சும்மா விடுவார்களா? சானியாவிடம் 2005 முதல் கேட்கப்பட்டது அதுதான். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லட்டும். மற்றதற்கு மௌனம் அவர் உரிமை.

2009-இல் மகேஷ் பூபதியோடு ஆஸ்திரேலியக் கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றார். திமிர்ப் பேச்சு அப்போது எங்கே போயிற்றோ!