மின்னஞ்சல் தடையும் குற்றமற்றோரும்

அட்டாளைச்சேனை மாணவர் ஒருவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றுக்கு அனுப்பும் விண்ணப்பம், அவர் செய்யாத குற்றத்தின் பேரில் வழியிலேயே அழிக்கப்படலாம்.

1982இல் ஜோன் போஸ்டல் வெளியிட்ட மின்னஞ்சல் நெறிமுறையில், அனுப்புவோர் யாரென உறுதிசெய்யும் ஏற்பாடு இருக்கவில்லை. இக்குறையே குப்பை அஞ்சல்கள் பெருக இடமளித்தது. அவற்றைத் தடுக்க 1997 முதல் தடைப்பட்டியல்கள் எழுந்தன. ஆயின், இணையச் சேவை நிறுவனமொன்றின் வாடிக்கையாளர் பலர் ஒரே கணினி முகவரியூடாகவே அஞ்சல் அனுப்புகின்றனர். அவர்களுள் ஒருவரது கணினி குப்பை அஞ்சல்களைப் பரப்பின், அம்முகவரியே பட்டியலிற் சேரும், ஏனையோரும் தண்டிக்கப்படுவர்.

மறுப்பு அறிவிக்கப்படின் மாற்றுவழி தேடலாம். ஓசையின்றி அழிக்கப்படின் அனுப்பியவரும் அறியார், பெறவேண்டியவரும் அறியார். தடுப்பு இன்றியமையாததே. எனினும், ஏற்றபின் அழிப்பதை விடுத்து, வாயிலிலேயே காரணங்கூறி மறுப்பதே நீதியாகும்.