விளையாட்டு நகரம் ஏன் திணறுகிறது?

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு மலை ரயிலில் போயிருக்கிறீர்களா? பாதையின் நீளம் 46 கி.மீ. அதில் கல்லாறு முதல் குன்னூர் வரை ஏறக்குறைய 20 கி.மீ. கடும் ஏற்றம். 12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரம் ஏற வேண்டும். அங்கே தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பற்களைப் பற்சக்கரத்தால் பற்றிக்கொண்டு, மணிக்கு 13 கி.மீ.க்கு மேற்படாத வேகத்தில் ரயில் ஏறுகிறது. மற்ற 26 கி.மீ. தூரத்தில் 30 கி.மீ. வேகம் வரை போகலாம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நிலையங்களில் நிற்கும் நேரத்தை விட்டுவிட்டால், ஏற்றப் பகுதிக்கு 92 நிமிடம், மற்றதற்கு 52 நிமிடம் ஆகும். மற்ற பகுதியில் வேகத்தை இரு மடங்காக்கினால் 26 நிமிடம்தான் மிச்சம். ஏற்றப் பகுதியில் இரு மடங்காக்க முடிந்தால் 46 நிமிடம் மிச்சமாகும். ஆகவே பயணத்தைத் தாமதப்படுத்தும் இடுக்கு ஏற்றப் பகுதிதான்.

கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய இடுக்கு உண்டு. குன்னூரிலிருந்து வரும் என் மாணவர் ஒருவர், 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' என்னும் நகரம் கட்டும் விளையாட்டில் தம் ஊரைக் கட்டிக்கொண்டிருந்தார். இது 2015-ல் பின்லாந்து நாட்டு நிறுவனமான கொலோசல் ஆர்டர் உருவாக்கியது. ஊர் வளர வளர ஆட்டம் திணறியது. "வீட்டில் சேர்த்து வைத்த பணத்தில் புதிய கிராஃபிக்ஸ் அட்டை வாங்கட்டுமா, சார்?" என்று கேட்டார். "முதலில் இடுக்கு எங்கே என்று பார்ப்போம்" என்றேன்.

இந்த விளையாட்டில் இரண்டு உழைப்பாளிகள் உண்டு. குடிமக்கள் எங்கே போகிறார்கள், எந்த வண்டி எந்தத் தெருவில் திரும்பும் என்று கணக்கிடுவது மையச் செயலி. அதைப் படமாகத் தீட்டுவது கிராஃபிக்ஸ் அட்டையிலுள்ள வரைகலைச் செயலி. காட்சி சீராகத் தெரிய வினாடிக்கு 60 படங்கள் வேண்டுமானால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 17 மில்லி வினாடிதான்.

மையச் செயலிக்கு 30 மில்லி வினாடியும் வரைகலைச் செயலிக்கு 12 மில்லி வினாடியும் ஆவதாகக் கொள்வோம். ரயிலில் இரு நேரங்களையும் கூட்டினோம். இங்கே இருவரும் ஒரே சமயத்தில் உழைக்கிறார்கள். எனவே மெதுவானவரே முழு வேகத்தையும் நிர்ணயிக்கிறார். வினாடிக்கு 33 படங்கள்தான் வரும். இரு மடங்கு வேகமுள்ள அட்டை வாங்கி 12-ஐ 6 ஆக்கினாலும் அதே 33 தான்!

அப்படியானால் மெதுவானவரைக் கண்டுபிடிப்பது எப்படி? மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது: ஆட்டத்தை நிறுத்திவைத்து, காட்சியை மட்டும் நகர்த்திப் பாருங்கள். உடனே சீரானால், குடிமக்களின் கணக்குதான் பாரம் என்று சந்தேகிக்கலாம்.

இரண்டாவது: திரையின் நுணுக்கத்தை 1920×1080-லிருந்து 1280×720-க்குக் குறையுங்கள். தீட்ட வேண்டிய புள்ளிகள் 2.25 மடங்கு குறைகின்றன. வேகம் கூடினால் இடுக்கு வரைகலைச் செயலியில்; கூடாவிட்டால் பெரும்பாலும் மையச் செயலியில்.

மூன்றாவது: டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். ஆனால் ஏமாந்துவிடாதீர்கள்! நான்கு கோர்களில் ஒன்று மட்டும் முழு மூச்சாக உழைத்து மற்றவை சும்மா இருந்தால், சராசரி 25 சதவீதம் என்றே காட்டும். ஒவ்வொரு கோரையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

நோய்க்குறி ஒன்றே ஆனாலும் நோய் வேறாக இருக்கலாம். இதே விளையாட்டின் இரண்டாம் பாகம் 2023-ல் வெளிவந்தபோது சிறிய ஊர்களிலேயே திணறியது. அங்கே இடுக்கு வரைகலைச் செயலியில் இருந்தது. எறும்பளவு தெரியும் மனிதர்களின் உருவங்களில் பற்கள்கூட விவரமாக அமைந்திருந்தன! தொலைவிலுள்ள உருவங்களை எளிமையாக்குவதே அதற்கு மருந்து.

நம் மாணவரின் கதை என்னவாயிற்று? ஆட்டத்தை நிறுத்தியதும் காட்சி சீரானது. புள்ளிகளைக் குறைத்தும் பயனில்லை. ஒரு கோர் மட்டும் முழுச் சுமையில் இருந்தது. புதிய அட்டை வாங்கியிருந்தால் பணம் வீணாகியிருக்கும். அவருடைய கணிப்பொறியில் மையச் செயலியை மாற்ற வழியில்லை. ஆகவே ஊரைச் சற்றுச் சிறிதாக்கிக்கொண்டார், ஆட்டம் ஓடியது.

சத்துணவு வரிசை நகராதபோது நீங்களும் கவனியுங்கள். தாமதம் தட்டு கழுவும் குழாயிலா, பரிமாறும் கரண்டியிலா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, கடிகாரத்தைப் பாருங்கள். விடை தானே தெரியும்.