பொதுச் சுகாதாரத் தரவுப் பகுப்பாய்வாளர்

பொதுச் சுகாதாரத் தரவுப் பகுப்பாய்வாளர் என்பவர், மக்களிடையே நிகழும் நோய், பிறப்பு, இறப்பு ஆகியவை குறித்துத் திரட்டப்படும் தரவுகளைச் சீர்செய்து, புள்ளியியல் முறைகளால் ஆராய்ந்து, அவற்றின் பொருளை விளக்குபவர் ஆவார். மருத்துவர் தனி நோயாளியை ஆராய்கிறார். இவர் ஓர் ஊரையோ நாட்டையோ ஆராய்கிறார்.

பணிகள்

மருத்துவமனைப் பதிவேடுகள், பிறப்பு இறப்புப் பதிவுகள், கள ஆய்வுகள் ஆகியவை முதன்மையான தரவு மூலங்களாகும். ஒருவரே இருமுறை பதிவாதல், வயது விடுபடுதல், ஒரே நோய் பல பெயர்களில் எழுதப்படுதல் போன்ற குறைகளைக் களைவது முதற்பணி ஆகும்.

பின்னர் எண்ணிக்கைகள் வீதங்களாக மாற்றப்படுகின்றன. 1,00,000 பேர் வாழும் ஊரில் 50 பேரும், 10,000 பேர் வாழும் ஊரில் 20 பேரும் இறந்தால், இரண்டாவது ஊரின் இறப்பு வீதமே நான்கு மடங்காகும்.

வயதுச் சீராக்கம்

வீதங்களை அப்படியே ஒப்பிடுவதும் தவறான முடிவைத் தரக்கூடும். இந்தியாவில் 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு முறையின்படி, 1,000 பேருக்கான இறப்பு வீதம் கேரளத்தில் 7.0 ஆகவும், நாடு முழுமைக்கும் 6.0 ஆகவும் இருந்தது. ஆனால் கேரள மக்களின் சராசரி ஆயுட்காலம் தேசிய அளவைவிட உயர்ந்தது. அங்கு முதியோர் விகிதம் மிகுதியாக இருப்பதே இம்முரணுக்குக் காரணம். இதனைத் தவிர்க்க, வயதுப் பிரிவு வேறுபாட்டை நீக்கி ஒப்பிடும் முறை வயதுச் சீராக்கம் எனப்படும்.

வரலாறு: இலண்டன் வாந்திபேதி

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் வில்லியம் ஃபார் (1807-1883). இவர் இங்கிலாந்தின் பொதுப் பதிவாளர் அலுவலகத்தில் இறப்புப் புள்ளிவிவரங்களைத் தொகுத்தவர். 1848-49இல் இலண்டனில் பரவிய வாந்திபேதியை ஆராய்ந்த இவர், தேம்சு ஆற்று மட்டத்திலிருந்து நிலம் உயர உயர இறப்பு வீதம் குறைவதைக் கண்டார். தாழ்நிலத்தில் தங்கும் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என முடிவு செய்தார். கணக்கு சரியானது, விளக்கம் தவறானது. தாழ்வான பகுதிகள் பலவற்றுக்குக் கழிவு கலந்த ஆற்றுநீரே குடிநீராக வழங்கப்பட்டது. இவ்வாறு காரணம்போல் தோன்றும் ஒன்றுடன் சேர்ந்து மறைந்திருக்கும் மற்றொரு காரணி, குழப்பக் காரணி எனப்படும்.

1854இல் மருத்துவர் ஜான் ஸ்னோ, ஃபாரின் அலுவலகம் அளித்த இறப்பு விவரங்களைக் கொண்டு தென் இலண்டனை ஆராய்ந்தார். அங்கு பல தெருக்களில் இரு நிறுவனங்களின் குடிநீர்க் குழாய்கள் கலந்தே சென்றன. ஆதலால் அண்டை வீடுகளுக்குக் காற்றும் நில உயரமும் ஒன்றே. நீர் மட்டுமே வேறு. நோய் பரவிய முதல் ஏழு வாரங்களில், நகரக் கழிவு கலந்த நீரை வழங்கிய சதர்க் - வாக்சால் நிறுவனத்தின் 10,000 வீடுகளுக்கு 315 இறப்புகள் நேர்ந்தன. ஆற்றின் மேற்பகுதியிலிருந்து நீர் எடுத்த லாம்பெத் நிறுவனத்தின் 10,000 வீடுகளுக்கு 37 இறப்புகளே நேர்ந்தன.

1866இல் கிழக்கு இலண்டனில் மீண்டும் நோய் பரவியபோது, ஃபார் இறப்புகளைக் குடிநீர் நிறுவன வாரியாகப் பிரித்து ஆராய்ந்தார். கிழக்கு இலண்டன் குடிநீர் நிறுவனத்தின் எல்லைக்குள் இறப்புகள் குவிந்திருந்ததைக் கண்டு, நீரே நோயைப் பரப்பியது என்பதை ஏற்றார்.

இவற்றையும் பார்க்க

கொள்ளைநோயியல்
உயிர்ப்புள்ளியியல்
ஜான் ஸ்னோ