மாஸ்க் மாட்டிய பிறகும் வராத உறக்கம்

(மூச்சும் உறக்கமும் – தொடர்: 6)

தூக்கத்தில் மூச்சு நிற்பவர்களுக்கு மாஸ்க் வழியே காற்றைச் செலுத்தும் சி-பாப் மெஷினைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு பக்கத்திலிருந்து பேசியவர்களில் பலரும் ஒரே குறையைத்தான் சொன்னார்கள். "அண்ணாச்சி, டெஸ்ட் எடுத்தாச்சு, மெஷினும் வாங்கியாச்சு. மாஸ்க்க மாட்டிட்டு விட்டத்தப் பாத்துட்டுக் கெடக்கேன். ஒறக்கம் மட்டும் வர மாட்டேங்கு." நானும் இதே மெஷினோடு இரவைக் கழிக்கிறவன். அந்தத் தவிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வாரம் முழுவதும் அதற்காகத்தான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூக்கத்தில் வரும் மூச்சுத்தடை ஒரு நோய். தூக்கமின்மை இன்னொரு நோய். இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்து குடியிருக்கும். மெஷின் முதல் நோயை மட்டுமே பார்க்கும். இரண்டாவதற்குத் தனி வைத்தியம் வேண்டும். அப்படி ஒரு வைத்தியம் இருக்கிறது, நன்றாக வேலையும் செய்கிறது. ஆனால் மெஷினை விற்க வந்தவர் அதைப் பற்றிச் சொல்வதில்லை. பல நேரம் மருத்துவரும் சொல்வதில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் கில்லமினோ, வில்லியம் டிமென்ட் ஆகியோர் தூக்கம் வரவில்லை என்று வந்த நோயாளிகளைச் சோதித்தபோது, அவர்களில் சிலருக்குத் தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருவதைக் கண்டார்கள். 1973-இல் 'சயின்ஸ்' இதழில் இதைத் தனியொரு நோய்க்கூட்டாகவே எழுதினார்கள். அதற்குப் பிறகும் மருத்துவ உலகம் நெடுங்காலம் இரண்டையும் இரண்டு தட்டில் வைத்தே பார்த்தது. குறட்டை விட்டுப் பகலில் தூங்கி விழுகிறவர் நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்குத் தொண்டை மருத்துவரிடமோ போவார். தூக்கம் வராதவர் மனநல மருத்துவரிடம் போவார். இரண்டும் உள்ளவர் எங்கே போவார்? மூச்சுத்தடை உள்ளவர்களில் 100-க்கு 30 முதல் 50 பேர் வரை தூக்கமின்மையும் இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. இவ்வளவு பெரிய கூட்டத்தைத்தான் இத்தனை காலம் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறோம்.

இந்தியக் கணக்கும் சிறியதல்ல. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் வயது வந்தவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கு, அதாவது பத்துக் கோடிக்கும் மேற்பட்டோருக்கு, தூக்கத்தில் வரும் இந்த மூச்சுத்தடை நோய் இருக்கலாம். இந்த நோய் இருந்த இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் இறந்தபோதுதான் இதன் பெயரையே பலர் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள்.

மூச்சு நிற்பதற்கும் விழித்துக் கிடப்பதற்கும் என்ன தொடர்பு? தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப்பாதை மூடிக்கொள்கிறது. குறைந்தது 10 வினாடி மூச்சு நின்றால் அது ஒரு தடை. முழுத் தடை, பாதித் தடை எல்லாவற்றையும் சேர்த்து மணிக்கு 5 முதல் 15 என்றால் லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மூளை திடுக்கிட்டு உடம்பை எழுப்புகிறது என்று பொருள். இந்த எழுச்சிகளில் பெரும்பாலானவை நமக்கு நினைவிருப்பதில்லை. சிலவற்றில் முழுதாகவே விழித்துவிடுகிறோம். கனவுத் தூக்கம் அதிகம் வரும் பின்னிரவில் பலருக்கும் தடை கூடும். மணி இரண்டரை, மூன்றுக்கு நெஞ்சு படபடக்க எழுந்து உட்கார்வது இதனால்தான். இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவதும் இந்த நோயின் ஓர் அடையாளம். சர்க்கரை என்றும் புராஸ்டேட் என்றும் மட்டுமே நினைத்து அலைகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இப்படி ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. விழித்தவர் மணி பார்க்கிறார். இன்னும் எத்தனை மணி நேரம் பாக்கி என்று கணக்குப் போடுகிறார். நாளைக்கு வேலைக்கு எப்படிப் போவது என்று கவலைப்படுகிறார். கவலை விழிப்பைக் கூட்டுகிறது. மறுநாள் எட்டு மணிக்கே போய்ப் படுக்கிறார், மதியம் இரண்டு மணி நேரம் தூங்குகிறார். நாளடைவில் கட்டிலில் தலை சாய்த்தாலே விழித்துக்கொள்ள வேண்டும் என்று மூளை பழகிவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்: ஒருவருக்குத் தூக்கம் கெட இயல்பிலேயே ஒரு சாய்வு இருக்கலாம், ஏதோ ஒன்று அதைத் தொடங்கி வைக்கலாம், ஆனால் அதை நீடிக்கச் செய்வது பின்னால் சேர்ந்துகொண்ட பழக்கங்கள். மூச்சுத்தடை தொடங்கி வைத்ததை மெஷின் நிறுத்திவிடும். சேர்ந்துகொண்ட பழக்கத்தை அதால் ஒன்றும் செய்ய முடியாது. அடைமழை ஓய்ந்தாலும், தேங்கிய தண்ணீரைத் தனியாக வாய்க்கால் வெட்டித்தான் வெளியேற்ற வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்து இரவுகளுக்கென்று சில சிரமங்கள் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று கதவுகளை அடித்து, தகரத்தை ஆட்டி, மூக்கையும் தொண்டையையும் காயவைக்கும். சித்திரை தொடங்கினால் அம்மன் கோயில், சுடலைமாடன் கோயில் கொடைகள்; விடிய விடிய வில்லுப்பாட்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்திலும் வேறு ஆலைகளிலும் ஷிப்டு முறையில் வேலை பார்ப்பவர்கள் ஒரு வாரம் பகலில் தூங்கி மறு வாரம் இரவில் தூங்க வேண்டும். தோவாளைச் சந்தைக்குப் பூக் கொண்டுபோகிறவர்களுக்கு நடுச்சாமமே விடியற்காலை. நிலையான நேரத்தில் தூங்குங்கள் என்று இவர்களிடம் எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஷிப்டு வேலையில் இருப்பவர்கள் தங்கள் வேலை நேரத்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கான சிகிச்சைத் திட்டம் வேறு.

இனி மெஷினுக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1980-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு மூக்கு வழியே தொடர் அழுத்தக் காற்றைச் செலுத்திப் பார்த்தார். 1981-இல் 'லான்செட்' இதழில் அது வெளிவந்தது. அதற்கு முன்பு தீவிர மூச்சுத்தடைக்கு இருந்த வழி, கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதுதான். அதை நினைத்தால் மாஸ்க் எவ்வளவு பெரிய விடுதலை என்று புரியும். ஆனால் மாட்டினால்தானே பயன்? மூச்சுத்தடையோடு இதய, மூளை ரத்தநாள நோயும் உள்ள 2,717 பேரை வைத்து இந்தியா உட்பட ஏழு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. மெஷின் கொடுத்தும் மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை என்பது அதன் முடிவு. அதில் கவனிக்க வேண்டிய எண் ஒன்று உண்டு: அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் மெஷினைப் போட்டிருந்தார்கள். தூக்கம் வராமல் விழித்துக் கிடக்கிறவர்தான் மாஸ்க்கை முதலில் கழற்றுகிறவர். தூங்குகிறவருக்கு மாஸ்க் இருப்பதே தெரியாது. விழித்திருப்பவருக்கு அதன் பட்டி, ரப்பர், காற்றின் சத்தம் எல்லாம் தெரியும்.

மாஸ்க் பழக ஒரு நல்ல வழி உண்டு. பகலில், கட்டிலில் அல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து, டி.வி. பார்த்துக்கொண்டே மாஸ்க்கை மட்டும் முகத்தில் வையுங்கள். அது பழகியதும் குழாயை இணையுங்கள். பிறகு காற்றைப் போடுங்கள். இதில் தூங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது; அதனாலேயே பயம் குறைகிறது. பெரும்பாலான மெஷின்களில் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டும் வசதி இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதற்கு மருந்து எடுங்கள். மெஷினின் ஈரப்பதத் தொட்டியில் நம் ராதாபுரம் பக்கத்து உப்புத் தண்ணீரை ஊற்றவே கூடாது. காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும்.

"கரண்டு போனா மாஸ்க்குக்குள்ளயே மூச்சு முட்டிருமோ?" என்று ஓர் அம்மா கேட்டார். இந்தப் பயமே பலருடைய உறக்கத்தைக் கெடுக்கிறது. மாஸ்க்கில் காற்று வெளியேறத் துளைகள் இருக்கின்றன. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் வகையில், மெஷின் நின்றால் வெளிக்காற்றை உள்ளே விடும் வால்வும் இருக்கிறது. கரண்டு போனால் பெரும்பாலும் தானாகவே விழித்துக்கொள்வீர்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மெஷினை அதில் இணைக்கலாம். சூடாக்கும் ஈரப்பதத் தொட்டியை அணைத்து வைத்தால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும்.

தூக்கமின்மைக்கான வைத்தியத்துக்கு சி.பி.டி-ஐ என்று பெயர். மனதையும் பழக்கத்தையும் சேர்த்துத் திருத்தும் சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்களின் கல்லூரி 2016-இலேயே பரிந்துரைத்தது. இதன் நடுநாயகம் இரண்டு விதிகள். ஒன்று 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் வகுத்தது: கண் சொக்கும்போது மட்டும் கட்டிலுக்குப் போ, தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்தில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார், சொக்கினால் திரும்பி வா, எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழு. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு எழுந்தால், திரும்பி வரும்போது மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று ஸ்பீல்மன் 1987-இல் வெளியிட்டது, கேட்பதற்குக் கடுமையானது. எட்டு மணி நேரம் கட்டிலில் கிடந்து ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால், கட்டிலில் இருப்பதையே ஐந்தரை மணி நேரமாகச் சுருக்குவது. இரவு 12 மணிக்குப் படுத்து 5.30-க்கு எழ வேண்டும். தூக்கம் சேர்ந்து கட்டியாகும். படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கத் தொடங்கியதும் கால் மணி நேரம் கால் மணி நேரமாகக் கூட்டிக்கொண்டு போகலாம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. முதல் ஓரிரு வாரம் பகலில் அசதி கூடும். ஆகவே நாற்கரச் சாலையில் லாரி, பஸ் ஓட்டுகிறவர்கள், காற்றாலைக் கோபுரத்தில் ஏறி வேலை செய்கிறவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், பைபோலார் என்னும் மனநிலை ஏற்ற இறக்க நோய் உள்ளவர்கள் இதைத் தாங்களாகவே தொடங்கக் கூடாது. மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சி.பி.டி-ஐ மூச்சுத்தடை உள்ளவர்களுக்கும் உதவுமா என்று ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் ஸ்வீட்மன் குழுவினர் சோதித்தார்கள். இரண்டு நோயும் உள்ள 145 பேரில் ஒரு பகுதியினருக்கு மெஷின் கொடுக்கும் முன்பே இந்தச் சிகிச்சையைக் கொடுத்தார்கள். 2019-இல் வெளியான முடிவின்படி அவர்கள் மற்றவர்களைவிட இரவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாக மெஷினைப் பயன்படுத்தினார்கள். மருந்து ஏதும் இல்லாமல் கிடைத்த ஒரு மணி நேரம். எனக்கு இந்த ஒரு முடிவே போதுமானதாகத் தோன்றுகிறது.

இவ்வளவு இருக்க, நம் ஊரில் நடப்பது என்ன? "ஒறக்கம் வரலியா, பாதி மாத்திரையப் போட்டுட்டுப் படுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் தன் அட்டையிலிருந்து கிள்ளிக் கொடுக்கிறார். அல்பிரசோலம், டயசபாம் வகை மாத்திரைகள் தொண்டைத் தசையைத் தளர்த்தும், மூச்சு நின்றால் எழுப்பும் மூளையின் எச்சரிக்கையையும் மழுங்கடிக்கும். மூச்சுத்தடை உள்ளவர் மாஸ்க்கும் இல்லாமல் இதைப் போட்டுக்கொண்டு படுப்பது ஆபத்து. மதுவும் இதையேதான் செய்யும். இந்த மாத்திரைகள் 2014 மார்ச் முதல் எச்-1 அட்டவணையில் இருக்கின்றன. மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் இருக்கிறது, மாத்திரை கைக்குக் கை போய்க்கொண்டும் இருக்கிறது. ஏற்கெனவே நெடுநாள் போட்டு வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவரிடம் மூச்சுத்தடை இருப்பதைச் சொல்லி, அவர் சொல்லும் அளவில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

வள்ளியூரில் இருப்பவருக்கு இன்றைக்குத் தூக்கச் சோதனை என்றால் நாகர்கோவில் போக வேண்டும், அல்லது திருநெல்வேலி. சோதனைக்கும் மெஷினுக்கும் ஆகும் செலவு ஒரு சாதாரணக் குடும்பத்தை உலுக்கிவிடும். அதற்குப் பின்னும் தூக்கமின்மையைப் பற்றிக் கேட்க ஆளில்லை என்றால் மெஷின் பீரோவுக்கு மேல் ஏறிவிடும். தூக்கம் வராமல் மனம் தளர்ந்தவர்கள் 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம்.

சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மாத்திரை போட்டும் இறங்காத ரத்த அழுத்தத்துக்குப் பின்னால் மூச்சுத்தடை மறைந்திருப்பது மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான். "குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்கிறதா? இரவில் விழித்துக் கிடக்கிறீர்களா?" என்ற இரண்டு கேள்விகளையும் அவர்களுடைய படிவத்தில் சேருங்கள். ஆம் என்று சொல்பவரைச் சோதிக்கவும், சோதித்த பின் தூக்கமின்மைக்கும் சேர்த்து வைத்தியம் தரவும், பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் நுரையீரல் மருத்துவரும் மனநல மருத்துவரும் வாரத்தில் ஒரு நாளாவது ஒரே அறையில் உட்காரட்டும்.

(தொடரும்)